வெயில் படாத மணல்

பிப்ரவரி 11

குழாய்கள் வந்துவிட்டன. பத்து இரும்புக் குழாய், இரண்டு முனையிலும் கறுப்பு டேப், மேலே சாக்கு. கொண்டுவந்த டிரைவர், "உள்ள என்ன சார், தங்கமா?" என்றார். மண் என்றேன். நம்பவில்லை. மண்ணை இவ்வளவு பத்திரமாகப் பொட்டலம் கட்டி யார் அனுப்புவார்கள் என்ற நியாயமான சந்தேகம்.

மலையடிக் குடியிருப்பின் கீழே கிடக்கிற பழைய சேற்றுப் படுகையிலிருந்து எடுத்தது. எப்போதோ மலை சரிந்து சேறாக இறங்கி, விசிறி மாதிரி விரிந்து, காய்ந்து கிடக்கிறது. அதன் மேல் நானூறு வீடு. எப்போது சரிந்தது என்று எங்கள் ஆய்வகம் சொல்ல வேண்டும். நகரசபைக் குழுவின் விதி எளிமையானது. பத்தாயிரம் வருடத்துக்கு மேல் என்றால் பச்சை, இன்னும் கட்டிக்கொள்ளலாம். ஆயிரத்துக்குக் கீழ் என்றால் சிவப்பு, எல்லோரையும் கிளப்ப வேண்டும். இரண்டுக்கும் நடுவில் என்றால் மஞ்சள். மஞ்சள் என்றால் கூட்டம் போடுவார்கள்.

நானூற்றில் ஒன்று அக்கா வீடு.

பிப்ரவரி 13

நாள் முழுக்க இருட்டறை. மங்கலான சிவப்பு விளக்கு மட்டும். குழாயைத் திறந்து, முனையில் வெளிச்சம் பட்ட மண்ணை ஒதுக்கி, நடுவில் இருப்பதை மட்டும் எடுத்து, சலித்து, கழுவி. பிறகு அது ஆசிட் அக்காவிடம் போகும். உண்மையான பெயர் வேறு. எலும்பைத் தின்கிற அமிலத்தில் மணலைக் குளிப்பாட்டுகிறவர் என்பதால் அந்தப் பெயர்.

"இன்னைக்கே குடுங்கக்கா."

"நாலு நாள் ஆகும். உன் அவசரத்துக்கு யுரேனியமே வேகமா சிதைஞ்சாத்தான் உண்டு."

விஷயம் ஒன்றும் பெரிதில்லை. மணல் துகள் ஒரு ஸ்டாப்வாட்ச். வெயில் பட்டால் பூஜ்யத்துக்குப் போகும். மண்ணுக்குள் புதைந்ததும் மறுபடி ஓடத் தொடங்கும். சுற்றியுள்ள மண்ணிலிருந்து வரும் கொஞ்சநஞ்சக் கதிர்வீச்சைக் குருவி மாதிரி சேர்த்துவைக்கும். இங்கே கொண்டுவந்து நீல விளக்கை அடித்தால் சேர்த்ததை எல்லாம் ஒளியாகக் கக்கிவிடும். எவ்வளவு கக்குகிறதோ அவ்வளவு காலம் புதைந்து கிடந்தது என்று அர்த்தம். இதை மாமாவிடம், அக்கா வீட்டுக்காரரிடம், ஒருமுறை சொன்னேன். "மணலுக்கு வாட்ச் கட்டிவிட்டது யாரு மாப்ள?" என்று கேட்டார். அதோடு விட்டுவிட்டேன்.

மார்ச் 4

முடிவு வந்துவிட்டது. பதினோராயிரத்து இருநூறு வருடம். ஆய்வகத் தலைவருக்கு முகமெல்லாம் வெளிச்சம். அவருக்கு எங்களிடம் பெயர் சராசரி. எதைக் கொடுத்தாலும் கூட்டி, வகுத்து, ஒரே எண்ணாகத் திருப்பித் தருவார். ஆய்வகத்தில் கேக் வெட்டினால்கூட ஆளுக்கு எத்தனை கிராம் என்று பார்ப்பவர். கெட்டவர் இல்லை. இருபத்தெட்டு வருடமாக ஒரே முறையில் ஒரே வேலை. ஓய்வு பெற ஒரு வருடம் பாக்கி.

"பச்சை. அறிக்கை எழுதிடுங்க" என்றார்.

மார்ச் 5

எழுதவில்லை. தட்டுகளின் எண்களைத் தனித்தனியாக எடுத்துப் பார்த்தேன். ஒரு தட்டில் நூற்றுக்கணக்கான துகள் ஒட்டியிருக்கும், எல்லாம் சேர்ந்து ஒரு எண் தரும். ஒன்று பதினாலாயிரம் என்கிறது, ஒன்று ஆறாயிரம், ஒன்று பதினெட்டாயிரம். ஒரே நாளில் புதைந்த மணல் ஒரே வயதைச் சொல்ல வேண்டாமா? ஆளுக்கொரு வயது சொன்னால் என்ன அர்த்தம்?

ஒரே ஒரு அர்த்தம்தான். சரிந்த அன்று எல்லாத் துகளுக்கும் வெயில் படவில்லை. ஆறு மெதுவாக உருட்டிக்கொண்டு வந்த மணலென்றால் வெயில் காய்ந்துகொண்டே வரும். மலைச்சரிவு அப்படி இல்லை. மொத்தமாக, கெட்டியாக, சில நிமிடத்தில் இறங்கும். உள்ளே மாட்டிய துகளுக்கு வெளிச்சமே கிடைக்காது. பட்டன் அழுத்தாத ஸ்டாப்வாட்ச். மலைமேல் கிடந்த காலத்தின் பழைய கணக்கையே சொல்லிக்கொண்டிருக்கும்.

அப்படியானால் பதினோராயிரம் என்பது சரிவின் வயது இல்லை. மலையின் தூக்கத்தின் வயது.

சரிவின் வயது? தெரியாது. துகளை ஒவ்வொன்றாக அளந்தால் தெரியும். நூறு குழி உள்ள தட்டு, குழிக்கு ஒரு துகள். கருவி இருக்கிறது. நேரம்தான் கேட்கும்.

மார்ச் 9

அக்கா வீட்டில் சாப்பாடு. மாமா குடிநீர் பம்ப் ஹவுஸில் ஆபரேட்டர். வீட்டிலிருந்து நடந்தே வேலைக்குப் போகிறார், மலை ஓடையிலிருந்துதான் ஊருக்குத் தண்ணீர். அக்கா ஆஸ்பத்திரியில் நர்ஸ். அவர்கள் மகள் குட்டி இரண்டாம் வகுப்பு.

"என்ன மாப்ள, எங்க மலைக்கு வயசு பார்த்தாச்சா? கல்யாணம் பண்ணி வைக்கலாமா?"

இன்னும் முடியவில்லை என்றேன். வேறு வீடு பார்ப்பது நல்லது என்றும் சொன்னேன். அவர் சோற்றில் கையை வைத்தபடி என்னைப் பார்த்தார்.

"முடியலன்னு சொல்ற. அப்புறம் ஏன் காலி பண்ணணும்?"

"சொன்னா உங்களுக்குப் புரியாது மாமா."

அக்கா என் தட்டில் வேண்டாத ஒரு முட்டையை வைத்தாள். பேச்சை நிறுத்து என்பதற்கு அவளுடைய வழி.

மார்ச் 27

மதிய உணவு நேரங்களில் மட்டும் கருவியைப் பிடித்து, ஆயிரத்து இருநூறு துகள். பெரும்பாலானவை எட்டாயிரத்திலிருந்து பதினெட்டாயிரம் வரை சிதறிக் கிடக்கின்றன. ஆனால் ஓரத்தில் ஒரு சின்னக் கும்பல். எண்பத்தொரு துகள், நெருக்கியடித்துக்கொண்டு, எல்லாம் ஏறக்குறைய ஒரே எண்.

இருநூற்று நாற்பது வருடம்.

முதலிலிருந்து மறுபடி கணக்குப் போட்டேன். அதேதான்.

இருநூற்று நாற்பது வருடம் ஒரு மலைக்கு நேற்று.

மார்ச் 28

சராசரியின் அறைக்குப் போய் வரைபடத்தை மேஜையில் போட்டேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மறுபடி மாட்டி, நிதானமாகப் பார்த்தார். எனக்கு அந்த நிதானத்தைப் பிடித்து உலுக்க வேண்டும்போல் இருந்தது.

"நூத்துக்கு ஏழு. மீதி தொண்ணூத்து மூணு என்ன சொல்லுது?"

"அது வெயில் படாததுங்க சார்."

"இது எறும்பு கொண்டுபோனதா இருக்கலாம் இல்லையா? மேல் மண்ணைக் கீழ இழுத்துட்டுப் போகும்."

"ரெண்டரை மீட்டர் ஆழத்துக்கா?"

"நான் நாலு மீட்டர்ல கரையான் புத்து பார்த்திருக்கேன் தம்பி."

அதுவும் பொய் இல்லை. அதுதான் எரிச்சல். எறும்பு, கரையான், மர வேர் எல்லாம் மேல்மண்ணைக் கீழே இறக்கும். பாடப்புத்தகத்திலேயே இருக்கிறது. அந்த எண்பத்தொரு துகளும் சரிவின் சாட்சியா, எறும்பின் மூட்டையா என்று துகளைப் பார்த்துச் சொல்ல முடியாது.

கிளம்பும்போது, "உங்க அக்கா வீடு அங்கதானே?" என்றார்.

"ஆமா."

"அப்ப நீங்க இதுல கொஞ்சம் தள்ளி நிக்கறது நல்லது. நாளைக்கு யாராவது கேட்டா நமக்குத்தான் அசிங்கம்."

அக்கா வீடு அங்கே இல்லையென்றால் இவ்வளவு தூரம் பார்த்திருப்பேனா? வந்த சராசரி எண்ணை வாங்கிக்கொண்டு போயிருப்பேன். நேர்மையாகச் சொன்னால் அதுதான்.

ஏப்ரல் 2

ஆசிட் அக்கா: "எறும்புகிட்டயே ஒரு கையெழுத்து வாங்கிட்டு வந்துடு." சிரிப்பு வரவில்லை.

ஏப்ரல் 20

கிடைத்துவிட்டது. கிடைத்தேவிட்டது.

அக்கா வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளி கழிவுத்தொட்டிக்குக் குழி வெட்டுகிறார்கள் என்று அக்கா போனில் சொன்னாள். ஓடினேன். மூன்று மீட்டர் குழி. மேலே சேற்றுப் படுகை, கல்லும் களிமண்ணும் கலந்து. அடியில் பழைய தரை, கறுத்த மண். இரண்டும் சேருகிற இடத்தில் ஒரு மரத்துண்டு, படுத்தவாக்கில், முழங்கை நீளம், பட்டைகூட இருந்தது. சரிவு வந்தபோது அடியில் மாட்டி நசுங்கிய மரம். மரம் செத்த நாள்தான் சரிவின் நாள். எறும்பு மரத்தைத் தூக்கிக்கொண்டு போகாது.

குழி வெட்டுகிறவர்கள், "சீக்கிரம் சார், மதியம் கான்கிரீட் வருது" என்றார்கள். இறங்கி இரண்டு இழுப்பில் பிடுங்கிவிட்டேன். அலுமினியத் தாளில் சுற்றினேன். மாமா மேலே நின்றுகொண்டு, "என் மச்சான் படிச்ச படிப்புக்கு விறகு பொறுக்க வந்திருக்கான் பாருங்க" என்று தெருவுக்கே அறிவித்தார். கட்டையைக் கையில் வாங்கி மீன் பிடித்தவர் மாதிரி ஒரு போட்டோ எடுக்கச் சொன்னார். எடுத்தேன். இன்றைக்கு எதைக் கேட்டாலும் செய்திருப்பேன்.

ஏப்ரல் 22

கார்பன் கணக்குக்கு இரண்டு ஆய்வகம். ஒன்றுக்கு அரிசி அளவு மரம் போதும், ஆனால் ஏழு மாதம் வரிசை. இன்னொன்று பழைய முறை. முழுக்கட்டையையும் எரித்து வாயுவாக்கி எண்ணுவார்கள், ஆறு வாரம். ஏழு மாதம் என்றால் நவம்பர். மழை அக்டோபரில் தொடங்கிவிடும்.

முழுக்கட்டையையும் அனுப்பிவிட்டேன்.

மே 6

காத்திருப்பு. இந்தத் துறைக்கு நான் ஏன் வந்தேன்?

ஜூன் 9

கடிதம் வந்தது. மரம் முந்நூறு வருடத்துக்குள் செத்தது. துல்லியமாக எப்போது என்று சொல்ல முடியாது, கடந்த முந்நூறு வருடத்தில் காற்றிலிருந்த கார்பனே ஏறி இறங்கி ஆட்டம் காட்டியிருக்கிறது. பரவாயில்லை. முந்நூறு போதும். முந்நூறு என்றாலும் சிவப்பு, இருநூறு என்றாலும் சிவப்பு.

அக்காவுக்குப் போன் செய்தேன். "வீடு பாரு" என்றேன். "என்னடா, நல்லா இருக்கியான்னுகூடக் கேக்காம" என்றாள்.

ஜூன் 18

குழுக்கூட்டம். எட்டுப் பேர், ஒரு நீள மேஜை, ஆளுக்கொரு தண்ணீர்ப் பாட்டில். பத்து நிமிடம் கொடுத்தார்கள். பேசினேன். நன்றாகத்தான் பேசினேன்.

வெளியிலிருந்து வந்திருந்த ஆலோசகர், வெள்ளைத் தாடி, மென்மையான குரல். ஒரே கேள்வி கேட்டார்.

"அது வேர் இல்லைன்னு எப்படிச் சொல்றீங்க?"

படுத்தவாக்கில் இருந்தது, பட்டை இருந்தது என்றேன்.

"வேருக்கும் பட்டை உண்டு. படுத்தவாக்கிலயும் போகும். மேல இப்ப நிக்கற மரத்தோட வேரா இருந்தா முந்நூறு வருஷத்துக்குள்ளதானே காட்டும்? குழியில இருந்தபடியே எடுத்த படம் இருக்கா?"

இல்லை.

"குழியைத் திரும்பப் பாக்கலாமா?"

கான்கிரீட் போட்டாகிவிட்டது.

"சரி, மரத்துல ஒரு சீவல் குடுத்தா தண்டா வேரான்னு மைக்ரோஸ்கோப்ல பாத்துடலாம்."

எரித்தாகிவிட்டது. முழுக்க.

என்னிடம் இருந்த ஒரே படத்தைக் காட்டினேன். மாமா கட்டையைப் பிடித்துக்கொண்டு பல்லெல்லாம் தெரியச் சிரிக்கிற படம். யாரோ இருமுவது போலச் சிரித்தார். ஆலோசகர் சிரிக்கவில்லை. போனைத் திருப்பித் தரும்போது, "முதல் வருஷ மாணவனுக்கு முதல் நாள் சொல்லிக்குடுக்கறது. பிடுங்கறதுக்கு முன்னால படம்" என்றார், யாருக்கும் கேட்காமல், எனக்கு மட்டும். அந்த மரியாதைதான் தாங்கவில்லை.

அது வேர் இல்லை. என் கையால் பிடுங்கினேன், எனக்குத் தெரியும். எனக்குத் தெரிந்து என்ன?

ஜூன் 19

பச்சை.

ஜூலை 3

செய்தித்தாளில் நாலு வரி. பதினோராயிரம் ஆண்டுகளாக அசையாத நிலம் என்று ஆய்வகம் உறுதி. எங்கள் ஆய்வகத்தின் பெயரோடு. மாமா வெட்டி ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டியிருக்கிறார். ஒட்டுவதற்குக் குட்டியின் ஸ்டிக்கர்கள், நாலு மூலையிலும் நாலு முயல்.

"உங்க ஆபீஸ் பேருதான மாப்ள இது?"

"ஆமா."

"அப்ப உன்னை நம்பவா, உன் ஆபீஸை நம்பவா?"

அவர் கேட்டது நியாயமான கேள்வி.

ஆகஸ்ட் 17

சண்டை. நான்தான் தொடங்கினேன். மாடியில் ஒரு அறை எடுக்கப் போகிறேன் என்றார் மாமா, குட்டி பெரியவளானால் வேண்டுமே என்று. எனக்குத் தலைக்கேறிவிட்டது. மண்டையில களிமண்ணா இருக்கு உங்களுக்கு, பொண்டாட்டி புள்ளையைக் கொண்டுபோய்ப் புதைக்கறதுக்கு மாடி வேற கேக்குதா என்றேன். குட்டி அங்கேதான் இருந்தாள்.

அவர் கத்தவில்லை. எழுந்து போய் என் செருப்பை எடுத்து வாசல்படியில் நேராக வைத்தார்.

அக்கா தெருமுனை வரை வந்தாள். "ஏன்டா, உனக்கு மனுஷங்ககிட்ட பேசவே வராதா? ஒரு நாளாச்சும் உக்காந்து, அவருக்குப் புரியற மாதிரி சொல்லியிருக்கியா? வர்ற, கத்தற, போற. அவர் ஒண்ணும் முட்டாள் இல்ல. நீ அவரை ஆளா மதிச்சு ஒரு வார்த்தை சொன்னதில்ல."

பஸ் வந்தது. ஏறிவிட்டேன்.

செப்டம்பர் 14

மன்னிப்புக் கேட்கப் போன் எடுத்தேன். நாலு தடவை. என்ன சொல்வது? சொல்லுவேன், பிறகு மறுபடி வீட்டைப் பற்றித்தான் பேசுவேன். என்னைத் தெரியும் எனக்கு.

அக்டோபர் 6

மழை.

அக்டோபர் 15

மழை. ஆய்வகத்தில் யாரும் என்னிடம் மழையைப் பற்றிப் பேசுவதில்லை. நல்லவர்கள்.

அக்டோபர் 23

எழுதிவைக்க வேண்டும். வரிசையாக. பிறகு மறந்துபோகும், அல்லது எனக்குச் சாதகமாக மாறிப்போகும்.

மதியம் மூன்று மணி தாண்டி மாமா பம்ப் ஹவுஸிலிருந்து போன் செய்தார். சண்டைக்குப் பிறகு முதல் தடவை.

"மாப்ள, ஒரு விஷயம். இங்க மழை கொட்டிக்கிட்டு இருக்கு. ஆனா ஓடையில தண்ணி இறங்குது. காலைல இருந்த மட்டத்துல பாதிகூட இல்ல. இத்தனை வருஷத்துல நான் பாத்ததில்ல. இது என்ன கணக்கு?"

குரல் நிதானமாக வந்தது, எப்படி என்று தெரியவில்லை. சொன்னேன்: "மாமா, மேல எங்கயோ மண்ணு சரிஞ்சு ஓடையை அடைச்சிருக்கு. தண்ணி அதுக்குப் பின்னால சேருது. அந்த அடைப்பு உடைஞ்சா எல்லாம் சேந்து கீழ வரும். நீங்க நிக்கற வழியாத்தான் வரும்."

"ம்."

"இப்பவே கிளம்புங்க. பக்கவாட்டுல, மேட்டுப் பக்கமா. கீழ இறங்காதீங்க."

"இவ்ளோதானா விஷயம்? இதை இப்படியே அன்னைக்கே சொல்லியிருந்தா என்ன மாப்ள." குரலில் கோபமே இல்லை. "உங்க அக்கா டூட்டில இருக்கா. குட்டி ஸ்கூல்ல, அது மேட்டுலதான. சரி. தெருவுல சொல்லிட்டு வர்றேன்."

"மாமா, தெருவெல்லாம் வேணாம், நீங்க—"

"சொல்லாம எப்படிடா வர்றது."

வைத்துவிட்டார். தீயணைப்புக்கு அடித்தேன், குழுவுக்கு அடித்தேன், யாரோ பெயரைக் கேட்டார், யாரோ எழுத்தில் அனுப்பச் சொன்னார். மாமாவுக்குத் திரும்ப அடித்தேன். மணி அடித்தது. எடுக்கவில்லை. ஓடிக்கொண்டிருப்பார். கதவு தட்டிக்கொண்டிருப்பார்.

மூன்றே முக்காலுக்கு மேல் மணி அடிக்கவில்லை.

அக்டோபர் 24

பள்ளி மைதானத்தில் அவருடைய தெரு மொத்தமும் இருந்தது. கடைசி மூன்று வீடு தவிர. எல்லோரும் ஒரே மாதிரி சொல்கிறார்கள். பம்ப்காரர் வந்து கதவை உதைத்தார், கெட்ட வார்த்தையில் திட்டினார், வெளியே வந்தோம். பக்கத்துத் தெருவுக்கு அவர் போகவில்லை. நேரம் இருந்திருக்காது. பக்கத்துத் தெரு இல்லை.

கழிவுத்தொட்டி கட்டிய வீட்டுக்காரர் என் கையைப் பிடித்துக்கொண்டு ஏதோ சொன்னார். கேட்கவில்லை. எங்கு பார்த்தாலும் சேறு. மேலே கல்லும் களிமண்ணும் கலந்து. குழியில் நான் பார்த்த அதே படுகை, ஈரமாக.

அக்டோபர் 29

கிடைத்துவிட்டார். கடைசி மூன்று வீட்டில் முதல் வீட்டு வாசலில். அடையாளம் நான்தான் சொன்னேன்.

நவம்பர் 12

அக்காவும் குட்டியும் என் அறைக்கு வந்துவிட்டார்கள். கட்டில் அவர்களுக்கு. அக்கா என்னோடு பேசுவதில்லை. சாப்பிட்டாயா என்று மட்டும். நேற்று ஒரே ஒரு தடவை, பாத்திரம் கழுவிக்கொண்டே, "அவர் நம்பினது உன் ஆபீஸ் பேரைத்தான்டா. நீ அங்க வேலை பாக்கறேங்கறதால. தம்பி ஆபீஸுன்னு தெருவெல்லாம் காட்டினார்" என்றாள்.

நான் அந்த அறிக்கையில் கையெழுத்துப் போடவில்லை என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை. ஃபிரிட்ஜில் ஒட்டுகிற அளவுக்குக் கையெழுத்தெல்லாம் யார் பார்க்கிறார்கள்?

டிசம்பர் 3

குழுவின் விளக்கம் வந்திருக்கிறது. அன்று கிடைத்த அறிவியல் தகவல்களின் அடிப்படையில் எடுத்த முடிவு, விதிகள் மீறப்படவில்லை. ஒரு எழுத்துப்பிழைகூட இல்லை.

வேலையை விடலாம் என்று ஆசிட் அக்காவிடம் சொன்னேன். கையுறையைக் கழற்றிக்கொண்டே, "விட்டுட்டு? அடுத்த குழாய் வரும். யாரு பாப்பா, நானா? எனக்குக் கழுவத்தான் தெரியும்" என்றார். டீ வாங்கிக் கொடுத்தார். அவ்வளவுதான். வேறு யாரும் இவ்வளவுகூடச் செய்யவில்லை.

ஜனவரி 20

சராசரி ஒரு வாரமாக விடுப்பில் இருந்தார். இன்று வந்தார், கையில் ஒரு இரும்புக் குழாய், இரண்டு முனையிலும் கறுப்பு டேப். பேன்ட்டில் முழங்கால் வரை காய்ந்த சேறு. இந்த வயதில் தானே சுத்தியலால் அடித்து இறக்கி எடுத்திருக்கிறார்.

"புதுச் சேறு" என்றார். "எப்ப விழுந்துச்சுன்னு எல்லாருக்கும் தெரியும். நம்ம பழைய முறையிலயே அளந்து பாருங்க. அப்படியே. எதையும் மாத்தாம."

"என்ன வரும்னு உங்களுக்கே தெரியும் சார்."

"தெரியும். எண்ணாப் பாக்கணும்."

பிப்ரவரி 8

இருட்டறை. இந்தத் தடவை யாரையும் அவசரப்படுத்தவில்லை. சல்லடையில் ஒரு சின்ன நீலப் பிளாஸ்டிக் துண்டு வந்தது. பக்கெட்டோ பொம்மையோ. சிவப்பு வெளிச்சத்தில் முதலில் கறுப்பாகத்தான் தெரிந்தது. வெளியே கொண்டுவந்து பார்த்தபோதுதான் நீலம்.

மார்ச் 17

எண் வந்தது. இருபத்துநாலு தட்டு, கூட்டி, வகுத்து. ஒன்பதாயிரத்து நானூறு வருடம்.

காகிதத்தைத் தலைவரிடம் கொடுத்தேன். இனி அவரை அந்தப் பட்டப்பெயரில் எழுத முடியவில்லை. வெகுநேரம் பார்த்தார். கண்ணாடியைத் துடைக்கவில்லை. "குழுவுக்கு நான் எழுதறேன்" என்றார். மதியமே எழுதினார், சுருக்கமாக, தன் பெயரில், தன் முறை தவறு என்று. மாலைக்குள் பதில் வந்துவிட்டது. தொலைபேசியில்தான். முறையை மாற்றுவது பற்றி அடுத்த நிதியாண்டில் பரிசீலிப்பார்களாம். அதுவரை அங்கீகரிக்கப்பட்ட முறையே தொடரட்டும். அடுத்த மலையடியின் குழாய்கள் வந்து வராந்தாவில் கிடக்கின்றன. பன்னிரண்டு. அங்கே அறுநூறு வீடு.

அவருக்கு இன்னும் இரண்டு வாரம்தான் வேலை. எனக்கு முப்பது வருடம் இருக்கிறது.

மார்ச் 18

நேற்று எழுதாதது ஒன்று.

வீட்டுக்குப் போனபோது அக்கா குட்டியின் யூனிஃபார்மை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"அந்த மண்ணு பாக்கறேன்னியே. வந்துச்சா?"

"வந்துச்சு."

"எவ்ளோ?"

"ஒன்பதாயிரத்து நானூறு வருஷம்."

கை நின்றது. மறுபடி ஓடியது. "எனக்குப் புரியற மாதிரி சொல்லு" என்றாள்.

தரையில் உட்கார்ந்து சொன்னேன். மணலுக்கு வெயில் பட்டால்தான் பழைய கணக்கு அழியும் என்று. மலை சரிந்து வரும்போது எல்லாம் சேர்ந்து கெட்டியாக, ஒன்றை ஒன்று மூடிக்கொண்டே வரும், அதனால் உள்ளே இருக்கிற துகளுக்குத் தான் இடம் மாறியதுகூடத் தெரியாது, மலைமேல் இருந்த கணக்கையே சொல்லும் என்று. அவசரப்படாமல் சொன்னேன். நடுவில் இரண்டு தடவை நிறுத்திக் கேட்டாள், இரண்டு தடவையும் திரும்பச் சொன்னேன். இதற்கு ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை.

"அப்ப உள்ள வெளிச்சமே இருக்காதா?"

"இருக்காது."

"கொஞ்சம்கூட?"

"கொஞ்சம்கூட இருக்காதுக்கா."

இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். ஜன்னல் பக்கம் பார்த்தாள்.

"பட்டப்பகல்டா அது" என்றாள்.

பிறகு சட்டையைத் திருப்பிப் போட்டு, காலரைத் தேய்க்க ஆரம்பித்தாள்.